ஒரு கரண்டிப் பொடிக்கு ஒரு ஃபேக்டரி

என் ஆராய்ச்சி என்னவென்று அப்பாவுக்கு விளக்கப் போய் மாட்டிக்கொண்டேன். உலோகத்தையும் கரிமத்தையும் கோத்துக் கட்டிய சட்டகம் அது. பார்வைக்குக் கோலமாவு மாதிரி இருக்கும். உள்ளே முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள். "ஒரு கரண்டிப் பொடிக்குள்ள இருக்கிற சுவரையெல்லாம் பிரிச்சு விரிச்சா நம்ம லைன் வீடுங்க முன்னாடி இருக்கிற மைதானத்தையே மூடிடலாம்ப்பா" என்றேன். அப்பா யோசித்துவிட்டு, "அம்புட்டு எடமா? அதுல என்னத்த நடுவ?" என்று கேட்டார். தேயிலை மட்டும் வேண்டாம் என்று உள்ளேயிருந்து அம்மா குரல் கொடுத்தாள்.

டீ விலை பாதாளத்துக்குப் போயிருந்த காலம் அது. பறித்தாலும் நஷ்டம் என்று எஸ்டேட்டில் வாரத்துக்கு இரண்டு நாள்தான் இலை எடுத்தார்கள். ஏலத்துக்குப் போன மூட்டைகளில் பாதி வாங்க ஆளில்லாமல் திரும்பி வந்தன. அப்பா எஸ்டேட் ஃபேக்டரியில் டிரையர் ஓட்டுபவர். இலை இல்லாத நாளிலும் அவரும் கூட்டாளிகளும் அங்கேயே போய் உட்கார்ந்திருப்பார்கள். வீட்டில் இருந்தால் வீட்டு வேலை செய்ய வேண்டிவருமே.

அந்த மழைக்காலத்தில் எனக்கு வேறு தலைவலி. ஊட்டியில் ஒரு கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டே பிஎச்.டி. செய்துகொண்டிருந்தேன். கோவையில் ஆய்வுக் குழு முன்னால் பொடியின் உட்பரப்பை அளந்து காட்ட வேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை சொதப்பியாயிற்று. மூன்றாவதும் போனால் பதிவை ரத்து செய்துவிடுவார்கள். ஓட்டைகள் காலியாக இருந்தால்தான் அளக்கும் வாயு உள்ளே போகும். என் பொடியோ மூடியைத் திறந்ததும் நீலகிரி மேகத்தை மொடக் மொடக்கென்று குடித்தது. காயவைக்கலாம் என்றால் கல்லூரியின் மின் அடுப்பு பழுது. "ஈரப்பொடியோட இந்தப் பக்கம் வராதே" என்று என் வழிகாட்டி போனில் கத்தினார். வீட்டுக்கு வந்து நான் அழுதேன்.

"காய வைக்கிறதுதானே புள்ள? முப்பது வருசமா நான் வேற என்னத்தப் பண்றேன்?" என்றார் அப்பா.

சும்மா கிடந்தால் மெஷின் துருப்பிடிக்கும் என்று ஃபேக்டரிப் பொறுப்பாளரான டீமேக்கரும் தலையாட்டினார். கூட்டாளிகள் எட்டுப் பேர் விறகு சுமந்து அடுப்பை மூட்டினார்கள். மின்விசிறி உறுமியது, சங்கிலி ஓடியது, கட்டடமே அதிர்ந்தது. அந்த யானைப் பசிக்கு என் பொடி சோளப்பொரி. டிரையர் தட்டெல்லாம் சல்லடைத் துளை. கொட்டினால் பொடி கீழே போய்விடும். அதனால் அம்மாவின் டிபன் பாக்ஸ் மூடியில் வைத்து அனுப்பினோம். எட்டுப் பேரும் மறுமுனைக்கு ஓடிப்போய், பிரசவ வார்டு வாசலில் நிற்பவர்கள்போல் காத்து நின்றார்கள். மூடி வெளியே வந்ததும் கைதட்டல். கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க டீச்சர், இது டஸ்ட் கிரேடுங்களா?" என்றார். பொடி கையில் ஒட்டாமல் உதிர்ந்தது. அங்கேயே பாட்டிலில் அடைத்து மெழுகு வைத்தேன்.

பஸ்ஸில் பாட்டிலை மடியிலேயே வைத்திருந்தேன். பர்லியாரில் ஒருவர் ஊரையே நாறடிக்கும் துரியன் பழத்தோடு ஏறி என் பக்கத்தில் உட்கார வந்தார். என் பொடி வாசனையையும் குடித்துவிடும் என்று அவரை முன் சீட்டுக்கு விரட்டினேன். அவர் மேட்டுப்பாளையம் வரைக்கும் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

கோவையில் அளப்பதற்கு முன்னால் கருவி பொடியைச் சூடாக்கியது. கொஞ்ச நேரத்தில் அறை முழுக்க டீ மணம். வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "சக்கரை கம்மியா" என்று வாசல் பக்கம் பார்த்துச் சொன்னார். டீ வரவில்லை. வாயுவும் பொடிக்குள் போகவில்லை. என் வழிகாட்டியின் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. டிரையர், விறகு, டிபன் பாக்ஸ் மூடி எல்லாவற்றையும் ஒப்பித்தேன். தேர்வாளர் கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, "பொடி நல்லாத்தான் வேலை செய்யுது, தப்பானதைக் குடிச்சிருக்கு" என்று மூன்று மாதத் தவணை கொடுத்தார்.

தப்பித்த நிம்மதியைவிட அவமானம்தான் பெரிதாக இருந்தது. அப்பாவை என்னென்ன சொல்லித் திட்டுவது என்று மலையேறும் வரை அடுக்கிக்கொண்டே வந்தேன். பஸ் நிறுத்தத்தில் எட்டுப் பேரோடு நின்றிருந்தார்.

"தேறிருச்சா புள்ள?"

"எங்க தேற? உங்க ஃபேக்டரி டீ வாசனையையெல்லாம் குடிச்சிட்டு ஓட்டை முழுக்க நெறஞ்சு நிக்குது! எவ்வளவு சூடு பண்ணினாலும் மணக்குதே தவிர விடமாட்டேங்குது!" என்று கத்தினேன்.

அப்பா முகம் சுருங்கவில்லை. மெதுவாகக் கூட்டாளிகள் பக்கம் திரும்பினார்.

"கேட்டீங்களாய்யா? நம்ம டீய முழுசா எடுத்துக்கிச்சாம். திருப்பிக் குடுக்க மாட்டேங்குதாம்."

ஒருவர் என் கையிலிருந்த பாட்டிலை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அது ஆள் ஆளாகக் கைமாறியது. அடுக்கி வைத்திருந்த திட்டையெல்லாம் விட்டுவிட்டு, "மூடியத் திறந்து மோந்து பாருங்க" என்றேன்.