வெட்டி வைத்த வெங்காயச் செய்தி

ஏ.எஸ்.ராவ் நகரில் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புக்குக் கணினிப் பாடம் எடுக்கிறேன். இணையத்தில் எதைப் பார்த்தாலும் எழுதியது யார், எப்போது எழுதினார், அதே தகவல் வேறு எங்காவது இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிக் கொடுப்பேன். அப்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் கர்வம் வந்துவிடும். இந்த முறை, வீட்டில் யாருக்காவது போனில் வந்த ஒரு ஃபார்வர்டைச் சோதித்து வரச் சொன்னேன்.

மௌலா அலி ரயில்வே குடியிருப்பிலிருந்து வரும் ஒரு பெண், தன் அப்பா குடும்பக் குழுவில் போட்டதைக் கொண்டுவந்தாள். வெட்டி வைத்த வெங்காயம் ஓர் இரவு தாண்டினால் விஷம், அமெரிக்காவில் பெரிய டாக்டரே சொல்லிவிட்டார், உடனே எல்லோருக்கும் அனுப்பவும். தமிழில் இருந்தது. தெலுங்கு ஊரிலேயே வளர்ந்தவள்; தமிழ் கேட்டால் புரியும், படிக்க வராது. செயலியில் மொழிபெயர்த்துப் பார்த்து, டாக்டருக்குப் பெயரே இல்லை என்று சரியாகப் பிடித்திருந்தாள். நான் அதோடு விட்டிருக்கலாம். வகுப்பில் தமிழ் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் என்ற உற்சாகத்தில், சினிமா வில்லன் குரலில் வாசித்துக் காட்டி அர்த்தமும் சொன்னேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். முழு மதிப்பெண் போட்டேன்.

பெற்றோர் கூட்டத்துக்கு அவள் அப்பா வந்தார். ரயில்வே பணிமனையில் வேலை. மதிப்பெண்ணைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"சாப்பிடும்போது போன்ல வந்ததை வாசிச்சுக் காட்டுவேன் மேடம். அவ ஏதாவது கேப்பா, நானும் சொல்லுவேன். இப்ப வாயைத் தொறந்தாலே 'சோர்ஸ் ஏதி நைனா', ஆதாரம் எங்கப்பான்னு தெலுங்குல கேக்குறா. அதனால விட்டுட்டேன்."

நான் ஏதோ சமாதானம் சொல்லப் போனேன். அவர் அவசரமாகக் கையை ஆட்டினார்.

"ஐயோ, நீங்க சொல்லிக் குடுத்தது சரிதான். பொய்யைத்தானே படிச்சுக்கிட்டு இருந்திருக்கேன். பொய் இல்லாதது தமிழ்ல எங்க கெடைக்கும்னு சொல்லுங்க, அதைப் படிச்சுக் காட்டுறேன்."

நம்பலாம் என்று வகுப்பில் நான் எழுதிப்போட்ட தளங்கள் எல்லாம் ஆங்கிலம். அப்பாவும் மகளும் உட்கார்ந்து பேசிய நேரத்தைப் பறித்துவிட்டேன்; பதிலுக்குக் கொடுக்க ஒன்றும் வைத்திருக்கவில்லை. "தேடி அனுப்புறேன் சார்" என்று எண்ணை வாங்கிக்கொண்டேன்.

தேடவும் செய்தேன். ஒரு தமிழ்த் தளத்தில் எழுதியவர் யாரென்று இல்லை. இன்னொன்றில் தேதி இல்லை. இரண்டும் இருந்த ஒன்று கிடைத்தது; நடை அரசாணை மாதிரி. அதை வாசித்தால் சோறு இறங்காது. பிறகு தேர்வுத்தாள்கள், பிறகு ஆண்டு விழா. மறந்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். அவர் எண் கண்ணில் பட்டாலே குற்ற உணர்ச்சியாக இருந்தது, அதனால் வேகமாகக் கடந்துபோனேன்.

நேற்று படிக்கட்டில் அந்தப் பெண் என்னை நிறுத்தினாள். என்னிடம் எப்போதும் ஆங்கிலமோ தெலுங்கோதான் பேசுவாள். அப்பா சொன்னதை அப்படியே ஒப்பிக்க வேண்டியிருந்ததால் அன்று தமிழ் வந்தது.

"நைனா தினம் போனைப் பாக்குறாரு மிஸ். 'மேடம் அனுப்பட்டும், அவங்க அனுப்பினதுக்கு நீ சோர்ஸ் கேக்கக் கூடாது'ன்னு சொல்லியிருக்காரு."