ஆவாரம்பட்டைச் சங்கம்

போன வாரம் ஜோலார்பேட்டையில் வண்டி மாற வேண்டியிருந்தது. சரக்கு மேடையில் மூட்டை மூட்டையாக மரப்பட்டை. கப்பலில் வந்ததாம், தோல் பதனிடும் ஆம்பூர் ஷாப்புகளுக்குப் போகிறதாம். குனிந்து முகர்ந்து பார்த்தேன். எங்கள் ஆவாரம்பட்டையின் துவர்ப்பு தொண்டைவரை இறங்கும். இதில் அது இல்லை. மூட்டை தூக்குகிறவர் என்னை ஒரு மாதிரி பார்த்ததும் நகர்ந்துவிட்டேன்.

உங்களிடம் சொன்னதில்லை, ஒரு காலத்தில் நான் பட்டை விற்றவன். எங்கள் ஊரில் இருபது குடும்பங்கள் மேட்டு நிலத்தில் ஆவாரை வைத்து, பட்டை உரித்து, உள்ளூர்த் தரகரிடம் போட்டார்கள். அவர் சொன்னதுதான் விலை. எட்டாவது படித்த கர்வத்தில் நான் ஒரு சங்கம் கூட்டினேன். நேராக ஷாப்புக்கே விற்போம் என்று ஆம்பூரில் அறை எடுத்துத் தனியாகத் தங்கினேன். சுற்றிலும் உருது. எனக்குத் தெரிந்தது ஜாஸ்தி, கம்மி இரண்டும்தான். வியாபாரத்துக்கு அது போதும், சாயங்காலங்களுக்குப் போதவில்லை.

முதல் வருஷம் நல்ல விலை. அடகுக்குப் போன கம்மல்கள் காதுக்குத் திரும்பின.

மறு வருஷம் வண்டிகள் வழியில் மழையில் மாட்டிக்கொண்டன. ஷாப்புக்கார சாயபு ஒரு பட்டையை ஒடித்துப் பார்த்தார். ஒடியாமல் வளைந்தது.

"ஈரம் ஜாஸ்தி தம்பி. தோல்ல கறை வுழும். காயவெச்சு எடுத்துனு வா."

எங்கே காயவைப்பது? தரகரிடம் பெரிய கொட்டகை இருந்தது. ஈரப்பட்டையையும் வாங்கி உலர்த்தித்தான் அவர் விற்றிருக்கிறார். அவரை ஒதுக்கத் தெரிந்த எனக்கு, அவர் செய்த வேலையை இனி யார் செய்வது என்று யோசிக்கத் தெரியவில்லை.

செய்தி கேட்டுத் தரகரே வந்துவிட்டார். முகத்தில் கோபமே இல்லை. "இன்னா, நம்ம கொட்டகைக்கே வர்றீங்களா?" பாதி விலைதான். ஒவ்வொரு வண்டியாக அவர் பின்னால் போயிற்று. யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒரு வண்டி மட்டும் நின்றது. கன்னியம்மாவுடையது. புருஷன் இல்லாதவள், ஒரே மகன்.

"உன் ரூமுல பரப்பிக் காயவெக்கலாமா தம்பி?"

அறை முழுக்கப் பரப்பினோம். நான் வெளியே படுத்துக்கொண்டேன். தினமும் காலையில் ஊரிலிருந்து வந்து புரட்டிப் போட்டுவிட்டுப் போவாள். பத்தாம் நாள் பட்டை படக்கென்று ஒடிந்தது. சாயபு முழு விலை கொடுத்தார்.

ஊர் சந்தோஷப்படும் என்று நினைத்தேன். "அவளுக்கு மட்டும் எப்படி?" என்று ஆரம்பித்தது, தனி ஆள் அறைக்குத் தினம் போனவள் என்பதில் போய் நின்றது. அவளை வேலைக்குக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். ஒரு நாள் மகனோடு வந்து நின்றாள்.

"தங்கவயலுக்குப் போறோம். நீ ஊர்ல எதுவும் பேசாத தம்பி. பேசினா இன்னும் ஜாஸ்தியாவும்."

அதையே சாக்காக வைத்துக்கொண்டு நான் பேசவில்லை.

சங்கம் அதோடு முடிந்தது. பல வருஷம் கழித்துச் சென்ற மாதம் ஊருக்குப் போனேன். தரகரும் இல்லை, கொட்டகையும் இல்லை. உரிக்க ஆளில்லாமல் மேடெல்லாம் ஆவாரை பூத்துக் கிடக்கிறது. என்னை உட்காரவைத்து மோர் கொடுத்தார்கள். கன்னியம்மாவைப் பற்றி ஏதாவது தகவல் உண்டா என்று கேட்டேன்.

"எந்தக் கன்னியம்மா?" என்றார்கள்.

சொல்ல வாயெடுத்தேன். அவளைப் பழித்தவர்களில் ஒருவர்கூட அங்கே இல்லை; இனி யாரிடம் மறுப்பது? மோரைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.