பின்சீட்டின் பிளாஸ்டிக் உறை

கார் வாங்கிய அன்று ஷோரூம்காரர் ஒருவர் சீட்டுகளின் மேலிருந்த பிளாஸ்டிக் உறையைக் கழற்ற வந்தார். முன்பக்கத்தைக் கழற்றிக்கொள்ளட்டும், பின்பக்கம் அப்படியே இருக்கட்டும் என்றேன். அவர் மறுபேச்சு பேசவில்லை. எங்கள் பக்கம் பாதிப் பேர் அப்படித்தான் ஓட்டிப் போகிறார்கள். கடத்தூரில் எங்கள் தெருவிலேயே அப்படி இரண்டு வண்டிகள் உண்டு. எனக்கு அது ஓய்வு பெற்ற பிறகு வாங்கிய முதல் கார். ஐந்து வருடம் அந்த உறை சீட்டை விட்டு இறங்கவில்லை. வெயில் காலத்தில் என் மனைவியின் முதுகு அதில் ஒட்டிக்கொள்ளும். இறங்கும்போது ரவிக்கை நனைந்திருக்கும். முன்னால் வந்து உட்காரேன் என்றால் வரமாட்டாள். பின்னால் நாய் தனியாக இருக்குமாம்.

நாய் அவளுடையது. செம்மண் நிறத்தில் ஒரு நாட்டு நாய். மாதத்துக்கு ஒரு முறை அரூரில் இருக்கும் அவள் தங்கை வீட்டுக்குப் போவோம். விட்டுவிட்டுப் போனால் நாய் சாப்பிடாது என்பதால் அதுவும் கூட வரும். வரட்டும், ஆனால் ஏறுவதற்கு முன் நான்கு கால்களையும் துடைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன். சீட்டில் துணி எதுவும் விரிக்கக் கூடாது என்றும் சொல்லியிருந்தேன். துணி என்றால் முடி சிக்கிக்கொள்ளும், அடியில் மண் சேரும். பிளாஸ்டிக் என்றால் ஈரத்துணியால் ஒரே இழுப்பு, வேலை முடிந்தது.

பழைய நூல் புடவை ஒன்றை நாலாக மடித்துப் போடட்டுமா என்று அவள் இரண்டு முறை கேட்டாள்.

"வழுக்குதுங்க. நிக்க முடியாம நகத்த ஊனிக்கினே வருது பாருங்க."

"அப்ப நகத்த வெட்டிவுடு" என்றேன்.

நான் முப்பது வருடம் இயற்பியல் நடத்தியவன். வழவழப்பான பரப்பில் உராய்வு குறைந்தால் என்ன ஆகும் என்று வருடம் தவறாமல் பிள்ளைகளைக் கேட்டவன். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியே இல்லை.

போன வருடம் ஆடி மாதம். அரூரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். ஒரு வளைவைத் தாண்டியதும் சாலை முழுக்க ஆடுகள். பிரேக்கை மிதித்தேன். வேகம்கூட அதிகமில்லை. பின்னால் நகங்கள் பிளாஸ்டிக்கைக் கீறிக்கொண்டு வரும் சத்தம் கேட்டது. அடுத்து ஏதோ விழுந்தது. பிறகு நாய் கத்தியது. ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கிப் பின்கதவைத் திறந்தேன். இரண்டு சீட்டுக்கும் நடுவிலிருந்த இடுக்கில் அது மடங்கிக் கிடந்தது. ஒரு பின்னங்கால் முன்சீட்டின் அடியில் மாட்டியிருந்தது. என் மனைவி குனிந்து அதை விடுவித்துக்கொண்டிருந்தாள்.

நான் முதலில் பார்த்தது சீட்டை. பிளாஸ்டிக் ஒரு முழ நீளத்துக்குக் கிழிந்திருந்தது.

"சீட்டும் கிழிஞ்சிருச்சா?" என்று கேட்டேன்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் கிழிசலுக்குள் விரலை விட்டுத் தடவினேன். அடியிலிருந்த துணிக்கு ஒன்றும் ஆகவில்லை. மனம் லேசானது. வாய் தவறிக் கேட்ட கேள்வியை மன்னித்துக்கொள்ள முடிகிறது. அந்த லேசான மனத்தைத்தான் முடியவில்லை.

மறுநாள் அதியமான்கோட்டைப் பக்கம் நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும் ஒரு கால்நடை மருத்துவரிடம் போனோம். இளம் பெண். பின்னங்கால் முட்டியில் ஜவ்வு கிழிந்திருக்கிறது என்றார். எப்படி ஆச்சு என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி முந்திக்கொண்டாள்.

"வூட்டுத் தரைங்க. டைல்ஸு. ஓடியாரப்ப சறுக்கி வுழுந்துடுச்சு."

என்னைக் காப்பாற்றச் சொன்னாளா, என்னை நினைத்து வெட்கப்பட்டுச் சொன்னாளா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. அன்று தலையை மட்டும் ஆட்டினேன்.

இனி ஒரு முறைகூடச் சறுக்கக் கூடாது, சறுக்கினால் கால் தேறாது, ஆபரேஷனை அதன் வயது தாங்காது என்றார் மருத்துவர். வாரம் ஒரு முறை ஊசிக்கு வரச் சொன்னார். வீட்டுத் தரையில் எதையாவது விரித்துவைக்கவும் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி சாக்குகளை எடுத்தாள். கூடம், சமையலறை, படுக்கையறை வாசல் என்று எல்லா இடத்திலும் விரித்தாள். ஓரம் சுருளாமல் ஒன்றோடு ஒன்றைச் சேர்த்துத் தைத்தாள். சொன்ன பொய்யை உண்மையாக்கிவிடுவதுபோல் இரண்டு நாள் அதே வேலையாக இருந்தாள். வெறுங்காலில் அந்தச் சாக்குகளின் மேல் நடக்கும்போதெல்லாம் எனக்கு உறுத்தும். ஆனாலும், ஒருபோதும் வழுக்கியிராத வீட்டில் சாக்கு கிடக்க, வாரம் ஒரு நாள் அதே பிளாஸ்டிக்கின் மேல் நாயை ஏற்றித்தான் ஊசிக்குக் கொண்டுபோனோம். கிழிசலுக்கு நான் டேப் ஒட்டியிருந்தேன். அவள் நாயைத் தன் மடியில் கிடத்திக்கொள்வாள். இருபது கிலோ இருக்கும். இறங்கும்போது கால் மரத்துப்போய்க் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். வளைவுகளில் மடியிலிருந்தும் அது நழுவும். புடவை விரிக்கட்டுமா என்று அவள் மறுபடி கேட்கவில்லை. கேட்டால் சரி என்று சொல்லத் தயாராக இருந்தேன். அவளே கேட்கட்டும் என்று மூன்று வாரம் காத்திருந்தேன்.

நான்காவது வாரம் மருத்துவர் காலை அழுத்திப் பார்த்துவிட்டு, வீக்கம் திரும்பியிருக்கிறது என்றார். வீட்டில் இன்னமும் சறுக்குகிறதா என்று கேட்டார். எல்லா இடத்திலும் சாக்கு போட்டிருப்பதாக என் மனைவி சொன்னாள். அவர் நம்பவில்லை.

"நீங்க வூட்ல சரியா பாத்துக்கலன்னா நான் ஊசி போட்டு என்னம்மா பிரயோஜனம்?"

என் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். என்னால் அதற்கு மேல் நிற்க முடியவில்லை.

"வூட்ல வுழல டாக்டர். கார்ல வுழுந்தது. பின்சீட்டுல பிளாஸ்டிக் கழட்டாம வெச்சிருக்கேன். துணி போட வேணாம்னு சொன்னது நான்தான். இன்னிக்கும் அதுலதான் வந்துச்சு."

மருத்துவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "மொதல்லயே சொல்லியிருந்தா இவ்ளோ தூரம் போயிருக்காதுங்க சார்" என்றார். மருந்துச் சீட்டில் எதையோ அடித்துவிட்டு மாற்றி எழுதினார்.

வெளியே வந்து காரின் பின்கதவைத் திறந்து பிளாஸ்டிக்கைக் கிழித்தெடுத்தேன். இற்றுப்போய்த் துண்டு துண்டாக வந்தது. அடியில் சீட்டு புத்தம் புதிதாக இருந்தது. நாயைப் பிடித்தபடி என் மனைவி பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன்.

"நாலு வாரமா அந்தப் பொண்ணுகிட்ட தரை, சாக்குன்னு சொல்லிக்கினு இருந்தேன்" என்றாள். "இப்ப அது என்னிய இன்னான்னு நெனைக்கும்? சொல்றதுன்னா மொத நாளே சொல்லியிருக்கணுங்க."

வழியெல்லாம் அவள் சன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். என் பாரத்தை இறக்கிவைத்தேன் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அதை அவள் தலையில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

கால் தேறவில்லை. நாய் இப்போது மூன்று காலில் நடக்கிறது. நான்காவதைத் தூக்கியே வைத்திருக்கிறது. ஊசியை நிறுத்திவிட்டார்கள். மாதம் ஒரு முறை காட்டிவிட்டு வந்தால் போதுமாம். சீட்டில் புடவையும் அதன் மேல் ஒரு கம்பளியும் விரித்திருக்கிறோம். நாய் அதில் படுத்தபடியே வருகிறது. துளி நகர்வதில்லை. நான் நாற்பதைத் தாண்டுவதில்லை. மொபட்டுகள்கூட என்னை முந்திக்கொண்டு போகின்றன. ஆனாலும் கண்ணாடியில் பார்க்கும்போதெல்லாம் என் மனைவியின் கை நாயின் கழுத்துப் பட்டையை இறுக்கிப் பிடித்திருக்கிறது. போன மாதம் சொல்லிப் பார்த்தேன். இப்போது வழுக்காது, கையை எடுத்துவிட்டுச் சாய்ந்து உட்கார் என்றேன்.

"தெரியுங்க" என்றாள். கையை எடுக்கவில்லை.