கடைக்காரர் காதில் பார்த்து வாங்கிய விளக்கு

எடப்பாடியில் டாக்டராக வேலை தொடங்கியபோது, காது, கண் பார்க்கும் சின்ன விளக்குக் கருவி வாங்கச் சேலம் போனேன்.

"லேடி டாக்டருக்கு இது போதும்மா, கைப்பைக்குள்ள அடங்கும்" என்று கடைக்காரர் அதன் வெளிச்சத்தைச் சுவரில் அடித்துக் காட்டினார். டார்ச் வாங்குவது போல நானும் வாங்கிவிட்டேன்.

மறுவாரம் காது அடைப்பென்று ஒரு நெசவாளி வந்தார். மங்கிய வெளிச்சத்தில் பழுப்பாகத் தெரிந்ததை அழுக்கென்று நினைத்து, கழுவத் தண்ணீர் எடுத்தேன்.

"போன மாசம் சீழ் வந்துச்சுங்க" என்றார்.

கை நின்றது. முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைக் காதுக்குள் திருப்பிப் பார்த்தால், செவிப்பறையில் ஓட்டை. கழுவியிருந்தால் தண்ணீர் உள்ளே போய்க் காதே கெட்டிருக்கும்.

மறுநாளே சேலம் போய்க் கடைக்காரரை உட்காரவைத்து, அவர் காதிலேயே ஒவ்வொரு கருவியாகப் பார்த்தேன். செவிப்பறை தெளிவாகத் தெரிந்தது நான்காவதில்தான், அதற்கு மாற்றிக்கொண்டேன்.

இன்று அந்தக் கருவிக்குப் பல்பு வாங்கப் போனாலும் அப்படித்தான். காதைக் காட்டாதவரிடம் நான் வாங்குவதில்லை.