பேன் பார்த்த மத்தியானம்

டோல்கேட்டில் ஏறிய பெண் கையில் தடவிக்கொண்ட வெயில் கிரீமின் வாசனை, வேலை முடிந்து கண் சொருகி பஸ்ஸில் உட்கார்ந்திருந்த என்னை, நான் சின்ன வயசில் படித்த கத்திவாக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்விட்டது. இப்போது அந்த இடத்தில் அனல் மின் நிலையத்தின் சாம்பல் குழாய் ஓடுகிறது. அப்போதெல்லாம் வருஷா வருஷம் வெளிநாட்டுச் சர்ச்சிலிருந்து இளைஞர்கள் ஒரு வாரம் வந்து எங்களோடு இருப்பார்கள். அதே வாசனை, அதே கைதட்டுப் பாட்டு, அதே பலூன், போட்டோவுக்குச் சிரித்துச் சிரித்தே எங்களுக்குக் கன்னம் வலித்துவிடும்.

ஒரு வருஷம் வந்த ஹன்னா அக்காவுக்கு எங்கள் தலையிலிருந்து பேன் ஏறிவிட்டது. யாரிடமும் சொல்ல வெட்கப்பட்டு, வகுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து தலையைச் சொறிந்துகொண்டே அழுதாள். மீன் விற்க அந்தப் பக்கம் வந்த என் அம்மா கூடையை இறக்கினாள்.

"இன்னாத்துக்கு அயுவுற? பேன்தானே, இப்டி குந்து."

பாஷை புரியாமலே அக்கா உட்கார்ந்தாள். அம்மாவின் விரல்கள் அந்தச் செம்பட்டை முடியைக் கோதக் கோத, மடியிலேயே சாய்ந்து தூங்கிப்போனாள். உள்ளே பாட்டு ஆரம்பித்தது. எழுப்பப் போன என்னை அம்மா தடுத்தாள்.

"வுடுடி, பாவம், எம்மா தூரத்துலேர்ந்து வந்துகீது. தூங்கட்டும்."

அவர்கள் சொல்லிக்கொடுத்த பாட்டெல்லாம் மறந்துவிட்டது. கூடையில் மீன் வாடுவதையும் பார்க்காமல், யாரோ பெற்ற பிள்ளையை மடியில் கிடத்திக்கொண்டு, விடிவதற்கு முன்பே எழுந்த அம்மாவும் உட்கார்ந்தபடியே கண்ணசந்ததுதான் நினைவிருக்கிறது.