தந்தியில் இல்லாத சொற்கள்

அடுத்தவர் வீட்டுச் சாவு அந்த வீட்டுக்காரருக்கு முன்பே நமக்குத் தெரிந்துவிடும், அதுதான் தந்தி வேலை. வேறு கந்தோரில் இதே வேலை பார்த்த உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

நல்ல சேதி

பூண்டுலோயாத் தபால் கந்தோரில் அப்போது தந்தி எடுப்பதும் நான்தான், கொண்டுபோய்க் கொடுப்பதும் நான்தான். சேர்ந்த முதல் மாதம், கண்டி ஆஸ்பத்திரியிலிருந்து கருப்பையாவின் மருமகன் அடித்த தந்தி ஒன்று வந்தது. சந்தோஷமாகத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்துக்கு ஏறினேன். கருப்பையாவும் அவர் மனைவியும் வாசலில் நின்றார்கள். "ஆண் குழந்தை பிறந்தது. உடனே வரவும்" என்று படித்துக் காட்டினேன். கருப்பையா சிரித்தார். அந்த அம்மா தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"புள்ளையைப் பத்திதானே எழுதியிருக்கு. என் மகளைப் பத்தி ஒண்ணுமே இல்லையே."

அறுந்த கம்பி

ஒரு மழைக்காலத்து விடியலில் தலவாக்கலை வீதியில் மண் சரிந்து, தந்திக் கம்பங்களும் சாய்ந்துவிட்டன. இரண்டு நாளாகக் கருவி ஊமையாகக் கிடந்தது. மூன்றாம் நாள் பகல், மழை விட்டு மூட்டம் மட்டும் இருந்தது. இடியோ மின்னலோ இல்லை. திடீரென்று கருவி தட்டியது. எங்கள் கந்தோரைக் கூப்பிடும் எழுத்துகள், மூன்று தடவை. பழக்கத்தில் பதில் தட்டக் கை போய்விட்டது. போஸ்ட் மாஸ்டர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். சிங்களவர், நல்ல தமிழ் பேசுவார். அவர் கை சில்லென்று இருந்தது.

"கம்பி தரையில கிடக்குது தம்பி. யாருக்குப் பதில் சொல்லப் போறீங்க?"

வருகிறேன்

கம்பியைச் சரிசெய்ததும் முதலில் வந்தது, மண்சரிவுக்கு முந்தின நாள் எங்கள் கந்தோர் மூடிய பிறகு கொடுத்து, கொழும்பில் தேங்கிக் கிடந்த ஒரு தந்தி. கடையில் வேலை செய்த ராசு, தன் அம்மா லெட்சுமிக்கு அடித்தது: "நாளை வருகிறேன்." அவன் வந்த வேன் அதே மண்சரிவில் அகப்பட்டு, முந்தின நாள்தான் அவனை அடக்கம் செய்திருந்தோம். நானும் ஒரு பிடி மண் போட்டவன்.

கிழித்துப் போட்டுவிடலாமா என்று போஸ்ட் மாஸ்டரைக் கேட்டேன். பெயர் எழுதி வந்ததைக் கொடுத்தே ஆக வேண்டும் என்றார். கொண்டுபோய்ப் படித்துக் கொடுத்தேன். லெட்சுமியக்கா அழவில்லை. இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். பிறகு மகளைக் கூப்பிட்டு உலையில் ஒரு ஆளுக்கு அரிசி கூடுதலாகப் போடச் சொன்னார். நான் வெளியே வந்து கதவை இழுத்தேன்.

"சாத்திறாதீங்க தம்பி. வர்றேன்னு சொல்லியிருக்கான்ல."

ஓய்வுபெற்று இத்தனை வருடமாகியும், கைப்பேசியில் பிறந்தநாள் வாழ்த்து வந்தால்கூட ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் திறந்து பார்க்கிறேன்.