சாக்சன்களை மேட்டிலிருந்து இறக்கிய கதை

எண்பதுகளின் நடுப்பகுதி. ஹம்பேர்க்கிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம் போனால் வரும் சிற்றூர் ஒன்றில் எங்கள் அகதி முகாம் இருந்தது. நீடர்சாக்சன் என்பது மாநிலத்தின் பெயர். வேலை செய்ய அனுமதி இல்லை. பொழுதைத் தள்ளுவதற்காக, தேவாலய மண்டபத்தில் நடந்த ஜேர்மன் வகுப்புக்கு ஆறு பேர் போனோம். படிப்பித்தவர் அந்த ஊர்க்காரி, என்னைவிட இரண்டு வயது மூத்தவர், சிரிப்பை அடக்கத் தெரியாதவர்.

கிழமைக்கு ஒருவர் ஐந்து நிமிடம் ஜேர்மனில் பேச வேண்டும். என் முறை வந்தபோது, உயர்தர வகுப்பில் நான் மனப்பாடம் செய்திருந்த ஹேஸ்டிங்ஸ் சண்டையை எடுத்தேன். ஆயிரத்து அறுபத்தாறில் நோர்மண்டியிலிருந்து நோர்மன்கள் கடல் கடந்து வந்து, இங்கிலாந்தின் சாக்சன் அரசனை வீழ்த்திய சண்டை. அந்தச் சாக்சன்களின் முன்னோர் இந்தப் பக்கத்திலிருந்து போனவர்கள். அதனால் ஆசிரியைக்கு அது சொந்தக்காரர் வீட்டு வழக்கு மாதிரி.

"சாக்சன்கள் மேட்டில் ஷில்டர் பிடித்துக்கொண்டு நின்றார்கள்" என்றேன்.

ஆசிரியை மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தார். கேடயங்களை ஷில்டே என்று சொல்ல வேண்டுமாம். ஷில்டர் என்றால் அறிவிப்புப் பலகைகள்.

"பலகையில் என்ன எழுதியிருந்தது?" என்று கேட்டார்.

முகாமில் என்னோடு ஒரே அறையில் இருந்த அக்கா முந்திக்கொண்டார். "வெளிநாட்டவருக்கு வேலை இல்லை."

அதற்குப் பிறகு என் ஜேர்மன் முழுதாகப் படுத்துவிட்டது. நோர்மன்கள் தோற்று ஓடுவதுபோல் நடித்த தந்திரத்தைச் சொல்லச் சொற்கள் இல்லை.

"சொல்ல ஏலாட்டி செய்து காட்டன்" என்றார் அக்கா.

மண்டபத்துக்குப் பின்னால் பனி மூடிய மேடு. ஆசிரியை, மண்டபக் காவலாளி, சிரிப்புச் சத்தம் கேட்டு வந்த போதகர் மூவரும் தேநீர்த் தட்டுகளைக் கேடயமாகப் பிடித்து மேலே நின்றார்கள். கீழே நாங்கள் ஆறு பேரும் பனியை உருட்டி உருட்டி எறிந்தோம். ஒன்றும் படவில்லை. போதகர் தட்டுப் பிடிப்பதில் சூரர்.

நான் தமிழில் கத்தினேன். "பயந்த மாதிரி ஓடுங்கோ. நான் சொன்னாப் பிறகு திரும்புங்கோ."

ஐயோ ஐயோ என்று வீதிப் பக்கம் ஓடினோம். வென்றுவிட்ட சந்தோஷத்தில் மூவரும் தட்டுகளை எறிந்துவிட்டு இறங்கி வந்தார்கள்.

"இப்ப திரும்புங்கோ."

அவர்கள் தப்பி மேடேற முன்னரே போதகரின் சட்டைக் கழுத்துக்குள் பாதி மேட்டுப் பனி போய்விட்டது.

அதை எதிர்வீட்டு அம்மா ஜன்னலால் பார்த்திருக்கிறார். வெளிநாட்டவர் ஆறு பேர் போதகரைத் துரத்துகிறார்கள் என்று பொலிசுக்கு அறிவித்துவிட்டார். கார் வந்து நின்றது. இளம் பொலிஸ்காரர் ஒருவர் இறங்கி, எந்த நாடு என்று என்னிடம் கேட்டார். சீருடையைக் கண்டால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அது ஊரிலிருந்து கொண்டுவந்த பயம். வாயில் கிடந்த சொல்தான் வெளியே வந்தது.

"நோர்மண்டி."

அக்கா என் கையைக் கிள்ளினார். "அகதி விண்ணப்பத்திலை ஒரு நாடு, இஞ்சை ஒரு நாடு சொல்லுறியோ? இனி எந்த நாட்டுக்குத் திருப்பி அனுப்புவாங்களோ தெரியாது."

"இது ஜேர்மன் வகுப்பு" என்றார் ஆசிரியை, தலைமயிரிலிருந்த பனியைத் தட்டியபடி.

பொலிஸ்காரர் போதகரைப் பார்த்தார். போதகர் சட்டைக்குள் கையை விட்டுப் பனியை அள்ளிக்கொண்டே, "தவறு எங்களுடையது. வரிசையைக் குலைத்திருக்கக் கூடாது" என்றார். பொலிஸ்காரர் குறிப்புப் புத்தகத்தை மூடினார்.

அடுத்த கிழமை அக்காவின் முறை. இடியப்பம் அவிப்பதைப் பற்றிப் பேசினார். போதகர் தடித்த கையுறைகளோடு வந்து முன்வரிசையில் அமர்ந்து, மா குழைப்பதிலிருந்து கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். பிறகு மெல்லக் கை உயர்த்தி, இதில் சண்டை எப்போது வரும் என்று விசாரித்தார்.